பொழுதுபோக்குப் படகில் துப்பாக்கியும் பாதுகாப்புச் சோதனையும்: ஓர் அமெரிக்கச் சட்ட வரலாறு

ஐக்கிய அமெரிக்காவில் பதிவுபெற்ற பொழுதுபோக்குப் படகுகளின் எண்ணிக்கை ஒரு கோடிக்கும் மேல். மீன்பிடிக்கவும், வாத்து வேட்டையாடவும், வார இறுதியில் குடும்பத்தோடு சுற்றிவரவும் பயன்படும் சிறு படகுகளே இவற்றில் பெரும்பாலானவை. கூட்டாட்சி அரசின் அதிகாரம் செல்லும் நீர்ப்பரப்பில் இவற்றில் எதையும் கடலோரக் காவல்படையினர் நிறுத்தலாம், ஏறிப் பார்க்கலாம். அதற்கு நீதிபதியின் ஆணை வேண்டியதில்லை. படகுக்காரர் தவறு செய்திருப்பார் என்ற சந்தேகம்கூட வேண்டியதில்லை. உயிர்காப்பு அங்கிகள் போதுமான அளவில் உள்ளனவா, தீயணைப்பான் வேலை செய்கிறதா, பதிவுச் சான்று உள்ளதா என்று பார்ப்பதே சோதனையின் நோக்கம். ஆனால் அதிகாரி கேட்கும் முதல் கேள்வி இவற்றைப் பற்றியதன்று. "படகில் ஆயுதம் ஏதும் உள்ளதா? எங்கே உள்ளது?" என்பதே அது.

அந்நாட்டில் துப்பாக்கி வைத்திருப்பது அரசமைப்புச் சட்டத்தின் இரண்டாவது திருத்தம் தரும் உரிமை. காரணமற்ற சோதனையிலிருந்து குடிமக்களைக் காப்பது நான்காவது திருத்தம். வீட்டுக்குள் நுழையப் பொதுவாக நீதிபதியின் ஆணை வேண்டும். சாலையில் தனியொரு காரை நிறுத்தவும் ஏதேனும் காரணம் வேண்டும். படகு மட்டும் ஏன் விலக்கு? இந்தக் கேள்விக்கு விடை துப்பாக்கிச் சட்டங்களில் இல்லை. சுங்க வரியின் வரலாற்றில் இருக்கிறது.

சுங்க அதிகாரிகளும் குடியேற்றவாசிகளும்

அமெரிக்கப் புரட்சிக்கு முந்தைய ஆண்டுகளில் குடியேற்றவாசிகளை மிகவும் சினமூட்டியவற்றுள் பிரித்தானியச் சுங்க அதிகாரிகளின் சோதனைகள் முக்கியமானவை. குறிப்பிட்ட இடம், குறிப்பிட்ட குற்றம் எதையும் சொல்லாமல் எங்கும் தேட அனுமதிக்கும் பொது ஆணைகளை அவர்கள் கையில் வைத்திருந்தனர். 1761 பிப்ரவரியில் பாஸ்டன் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் ஜேம்ஸ் ஓட்டிஸ் இவற்றை எதிர்த்து வாதாடினார். வழக்கில் தோற்றார். ஆனால் அன்று அங்கு அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்த இளைஞர் ஜான் ஆடம்ஸ், பின்னாளில் இரண்டாவது குடியரசுத் தலைவரானவர், அந்த உரையிலிருந்துதான் விடுதலை பிறந்தது என்ற பொருளில் முதுமையில் நினைவுகூர்ந்தார்.

நீரிலும் மோதல்கள் நடந்தன. 1768 ஜூன் மாதம் வணிகர் ஜான் ஹான்காக்கின் 'லிபர்ட்டி' என்ற பாய்க்கப்பலைச் சுங்கத்துறை பறிமுதல் செய்தபோது பாஸ்டனில் கலவரம் மூண்டது. சுங்க ஆணையர்கள் ஊரைவிட்டுப் போர்க்கப்பலில் தஞ்சம் புகுந்தனர். பறிமுதலான அதே கப்பலைச் சுங்கத்துறை தன் காவல் கப்பலாகப் பயன்படுத்தியது. அடுத்த ஆண்டு ரோட் ஐலண்டின் நியூபோர்ட் மக்கள் அதைக் கொளுத்தினர். 1772 ஜூனில் அதே ரோட் ஐலண்டில் 'காஸ்பி' என்ற பிரித்தானியக் காவல் கப்பல் ஒரு சிறு கப்பலைத் துரத்திச் சென்று மணல்மேட்டில் தட்டி நின்றது. இரவில் படகுகளில் துடுப்புப் போட்டு வந்த உள்ளூர்க்காரர்கள் அதன் தலைவரான லெப்டினன்ட் வில்லியம் டடிங்ஸ்டனைச் சுட்டுக் காயப்படுத்தினர்; மாலுமிகளை இறக்கிவிட்டுக் கப்பலுக்குத் தீ வைத்தனர். விசாரணைக் குழு அமைந்தும் ஒருவர்மீதும் குற்றம் நிறுவப்படவில்லை. சோதனையிட வரும் அரசுக் கப்பலைத் துப்பாக்கியோடு எதிர்கொள்வது அன்று அங்கே வீரச்செயலாகக் கருதப்பட்டது. ரோட் ஐலண்டின் வார்விக் நகரப் பகுதியில் அந்நிகழ்வு இன்றும் ஆண்டுதோறும் கொண்டாடப்படுகிறது.

1790ஆம் ஆண்டுச் சட்டம்

விடுதலை பெற்ற புதிய அரசின் கருவூலம் காலியாக இருந்தது. வருமான வரி கிடையாது. வருவாயின் பெரும்பங்கு இறக்குமதித் தீர்வையிலிருந்தே வரவேண்டியிருந்தது. கடத்தலோ, போர்க்காலத்தில் நாட்டுப்பற்றாகக் கருதப்பட்ட பழக்கம். முதல் கருவூலச் செயலர் அலெக்சாண்டர் ஹாமில்ட்டனின் கோரிக்கையை ஏற்று, 1790 ஆகஸ்ட் 4 அன்று காங்கிரஸ் சுங்கச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. கடத்தலைத் தடுக்கப் பத்துக் கட்டர் கப்பல்கள் கட்ட அது அனுமதித்தது. ஒவ்வொன்றிலும் ஒரு தலைவர், மூன்று துணைவர், நான்கு மாலுமிகள், இரண்டு சிறுவர் என்று பத்துப் பேர். இதுவே இன்றைய கடலோரக் காவல்படையின் தொடக்கம்.

அச்சட்டத்தின் 31ஆம் பிரிவு, அமெரிக்கத் துறைமுகம் நோக்கி வரும் கப்பல்களில் கரையிலிருந்து நான்கு லீக் தொலைவு வரை, அதாவது ஏறத்தாழ 12 கடல் மைல் வரை, அதிகாரிகள் ஏறிச் சோதிக்கலாம் என்றது. சந்தேகம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. ஓட்டிஸ் எதிர்த்ததும் 'காஸ்பி' எரிந்ததும் இதே போன்ற அதிகாரத்துக்காகத்தான் என்பதை அன்றைய காங்கிரஸ் உறுப்பினர்கள் அறியாதவர்கள் அல்லர். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. நான்காவது திருத்தத்தை 1789 செப்டம்பரில் மாநிலங்களின் ஒப்புதலுக்கு அனுப்பியதும் இதே முதல் காங்கிரஸ்தான். ஒரு கையால் சோதனைக்கு வரம்பு கட்டியவர்கள், மறு கையால் கப்பல்களை அந்த வரம்புக்கு வெளியே வைத்தார்கள். இந்த உண்மை இருநூறு ஆண்டு கழித்து ஒரு வழக்கின் தீர்ப்பையே முடிவு செய்தது.

ஹாமில்ட்டனுக்கு இதன் ஆபத்து தெரிந்திருந்தது. 1791 ஜூன் 4 அன்று கட்டர் தலைவர்களுக்கு எழுதிய சுற்றறிக்கையில், தம் நாட்டவர் சுதந்திர மனிதர்கள் என்பதையும், ஆதிக்க மனப்பான்மையின் சாயல் பட்டாலும் பொறுக்கமாட்டார்கள் என்பதையும் மறக்க வேண்டாம் என்று அறிவுறுத்தினார். இறுமாப்பு, முரட்டுத்தனம், அவமதிப்பு ஆகியவற்றைத் தவிர்க்கச் சொன்னார். சட்டம் வைக்காத வரம்பை நடத்தையால் வைக்கும் முயற்சி இது. கடலோரக் காவல்படையில் இக்கடிதம் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது.

1799ஆம் ஆண்டுச் சட்டம் மேலும் ஒரு படி சென்றது. கட்டர் தன் கொடிகளை ஏற்றி, எச்சரிக்கையாக ஒருமுறை சுட்ட பின்னும் நிற்காத கப்பலை நோக்கிச் சுடலாம் என்றது. அப்போது சோதனைக்கு உள்ளானவை சரக்குக் கப்பல்கள். உல்லாசத்துக்காகப் படகு வைத்திருந்தவர் மிகச் சிலரே.

மோட்டார்ப் படகும் மதுவிலக்கும்

பெட்ரோல் எஞ்சின் வந்தபின் நிலை மாறியது. நடுத்தர மக்களும் படகு வாங்கினர்; விபத்துகளும் பெருகின. 1910ஆம் ஆண்டின் மோட்டார்ப் படகுச் சட்டம் விளக்கு, ஒலிக்கருவி, உயிர்காப்பு மிதவை, தீயணைக்கும் வழி ஆகியவற்றைக் கட்டாயமாக்கியது. இதன்பிறகுதான் 'பாதுகாப்புச் சோதனை' என்ற கருத்து வரிச் சோதனையோடு சேர்ந்துகொண்டது. 1915இல் வருவாய்க் கட்டர் படையும் உயிர்மீட்புப் படையும் இணைந்து கடலோரக் காவல்படை உருவானது. மூழ்குபவரைக் காப்பாற்றுபவரும் கடத்தல்காரரைப் பிடிப்பவரும் ஒரே சீருடைக்குள் வந்தனர். படகுக்காரருக்கு அந்தச் சீருடைமீது இன்றுவரை உள்ள இரட்டை உணர்வுக்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

1920 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த மதுவிலக்கு, சிறு படகை முதன்முறையாகப் பெருமளவில் சந்தேகத்துக்குரிய பொருளாக்கியது. மீன்பிடிப் படகும் உல்லாசப் படகும் பஹாமாசின் பிமினித் தீவிலிருந்து விஸ்கி ஏற்றி வந்தன. 1927 ஆகஸ்ட் 7 அன்று புளோரிடாவுக்கும் பிமினிக்கும் இடையே 'சி.ஜி.-249' என்ற ரோந்துப் படகு ஒரு மோட்டார்ப் படகை நிறுத்தியது. உள்ளே மது இருந்தது. படகிலிருந்த இருவரும் ரோந்துப் படகுக்கு மாற்றப்பட்டனர். அவர்களுள் ஒருவனான ஜேம்ஸ் ஹொரேஸ் ஆல்டர்மேன் கைத்துப்பாக்கியால் ரோந்துத் தலைவர் சிட்னி சாண்டர்லினைச் சுட்டுக் கொன்றான். மாலுமி விக்டர் லாம்பி படுகாயமுற்றுச் சில நாட்களில் இறந்தார். கள்ளநோட்டு விசாரணைக்காக அப்படகில் பிமினிக்குச் சென்றுகொண்டிருந்த இரகசியச் சேவை அதிகாரி ராபர்ட் வெப்ஸ்டரும் கொல்லப்பட்டார். எஞ்சியவர்கள் அவனை மடக்கிப் பிடித்தனர். 1929 ஆகஸ்ட் 17 அன்று ஃபோர்ட் லாடர்டேலில் உள்ள காவல்படைத் தளத்திலேயே ஆல்டர்மேன் தூக்கிலிடப்பட்டான்.

அதே ஆண்டு டிசம்பர் 29 அன்று துப்பாக்கி மறுபக்கம் பேசியது. ரோட் ஐலண்டின் நரகன்செட் விரிகுடாவில், மது ஏற்றிவந்த 'பிளாக் டக்' என்ற விரைவுப் படகின்மீது 'சி.ஜி.-290' இயந்திரத் துப்பாக்கியால் சுட்டது. படகிலிருந்த நால்வரில் மூவர் இறந்தனர். அவர்களிடம் ஆயுதம் இருக்கவில்லை. பொதுமக்கள் கொதித்தனர், பாஸ்டனில் கண்டனக் கூட்டம் நடந்தது. காவல்படையினர்மீது வழக்கு எதுவும் நிலைக்கவில்லை. 'காஸ்பி' எரிந்த அதே விரிகுடா இது என்பதை ரோட் ஐலண்டுக்காரருக்கு யாரும் நினைவூட்டத் தேவையில்லை.

இவ்விரண்டு நிகழ்வுகளும் சேர்ந்தே இன்றைய முதல் கேள்வியை விளங்கவைக்கின்றன. நடுக்கடலில் உதவிக்கு வேறு காவலர் வரமாட்டார். அலையில் ஆடும் இரண்டு படகுகளுக்கு நடுவே ஒளிந்துகொள்ள இடமில்லை, பின்வாங்கவும் வழியில்லை. எதிரே இருப்பவரிடம் ஆயுதம் உண்டா என்று தெரியாத நிலையே இரு தரப்புக்கும் ஆபத்தானது.

மதுவிலக்கு 1933இல் முடிந்தது, அதிகாரம் முடியவில்லை. 1936 ஜூன் 22ஆம் நாள் சட்டம், கடத்தல் மட்டுமன்றி எல்லாக் கூட்டாட்சிச் சட்டங்களையும் செயற்படுத்தப் படகுகளில் ஏறும் அதிகாரத்தைக் காவல்படைக்கு வழங்கியது. பிரிவு எண் மாறியிருந்தாலும் அதுவே இன்றும் நடைமுறையில் உள்ளது. 1971இல் வந்த கூட்டாட்சிப் படகுப் பாதுகாப்புச் சட்டம் சோதனையிட வேண்டிய பொருள்களின் பட்டியலை நீட்டியது.

'ஹென்றி மார்கன் II' வழக்கு

1979 மார்ச்சில் 'டெலவேர் எதிர் பிரவுஸ்' வழக்கில், உரிமத்தைப் பார்ப்பதற்காக மட்டும் சந்தேகமின்றிக் காரை நிறுத்துவது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. படகுக்கும் இது பொருந்தும் என்று பலர் எதிர்பார்த்தனர். அதைச் சோதிக்கும் வழக்கு அடுத்த ஆண்டே உருவானது.

1980 மார்ச் 6. லூசியானா மாநிலத்தில் மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஏறத்தாழ 18 மைல் உள்ளே, கல்கசு ஆற்றுக் கப்பல் கால்வாயில், 40 அடிப் பாய்மரப் படகான 'ஹென்றி மார்கன் II' நங்கூரமிட்டிருந்தது. கடந்து சென்ற சரக்குக் கப்பலின் அலையில் அது பலமாக ஆடியது. ரோந்து வந்த சுங்க அதிகாரிகள் நலமா என்று கேட்டபோது மேல்தளத்தில் இருந்தவர் பதில் சொல்லாமல் தோளைக் குலுக்கினார். ஆவணம் பார்க்க ஏறினர். மரிஜுவானா எரியும் வாடை வந்தது. திறந்திருந்த வாயில் வழியே சாக்குத்துணி சுற்றிய பொதிகள் தெரிந்தன. மொத்தம் 5,800 பவுண்டு.

மேல்முறையீட்டு நீதிமன்றம் சோதனை செல்லாது என்றது. 1983 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் அதை மாற்றியது. தீர்ப்பை எழுதிய நீதிபதி ரென்க்விஸ்ட் இரு காரணங்கள் காட்டினார். முதலாவது, நாம் மேலே கண்ட 1790ஆம் ஆண்டுச் சட்டம்: நான்காவது திருத்தத்தை முன்மொழிந்தவர்களே இச்சோதனையை அனுமதித்திருக்கும்போது, அது அத்திருத்தத்துக்கு மாறானதாக எப்படி இருக்கும்? இரண்டாவது, நீரின் இயல்பு: சாலையில் எல்லா வண்டிகளும் கடந்தாக வேண்டிய சோதனைச் சாவடி அமைக்கலாம், கடலில் முடியாது, காரின் எண்பலகையைப் போலப் படகின் ஆவண நிலை வெளியிலிருந்து தெரிவதுமில்லை. மாறுபட்ட தீர்ப்பெழுதிய நீதிபதி பிரென்னன், வரம்பற்ற விருப்புரிமையைக் களத்திலுள்ள அதிகாரியிடம் விட்டுவிடுவதாக இதைக் கண்டித்தார்.

முதற் காரணம் வலுவானது என்றாலும் ஓர் இடைவெளி உண்டு. 1790இன் சட்டம் வெளிநாட்டிலிருந்து சரக்கோடு வரும் கப்பல்களை நோக்கியது. ஞாயிற்றுக்கிழமை ஏரியில் தூண்டில் போடுபவரை அது நினைத்துப் பார்த்திருக்க முடியாது. பாய்மரப் படகையே நிரந்தர வீடாகக் கொண்டு வாழ்பவரையும்தான். படுக்கையறை போன்ற தனிப்பட்ட பகுதிகளைத் துழாவக் கூடுதல் காரணம் வேண்டும் என்று கீழ் நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்றுக்கொண்டிருப்பது இந்த இடைவெளியை ஓரளவு நிரப்புகிறது.

துப்பாக்கி எங்கே சட்டப்படியானது?

படகில் சட்டப்படி வாங்கிய துப்பாக்கி வைத்திருப்பதைத் தடுக்கும் பொதுவான கூட்டாட்சிச் சட்டம் இல்லை. மாநிலச் சட்டங்களே ஆளுகின்றன. அவை ஒன்றுக்கொன்று வெகுவாக வேறுபடுகின்றன. மீன்பிடிக்கப் போகிறவரும் வருகிறவரும் துப்பாக்கி ஏந்துவதைப் புளோரிடா நெடுங்காலமாக அனுமதித்து வந்துள்ளது. ஒகையோவில் படகிலுள்ள குண்டேற்றிய துப்பாக்கி குறித்துத் தனிச் சட்டப்பிரிவே உண்டு. நியூ ஜெர்சி கண்டிப்பானது. டெலவேர் ஆற்றின் எதிர்க்கரையிலுள்ள பென்சில்வேனியா அப்படியன்று. ஆற்றில் எல்லைக்கோடு வரையப்பட்டிருக்காது. மாநிலம் விட்டு மாநிலம் செல்வோருக்காக 1986இல் இயற்றிய கூட்டாட்சிச் சட்டம், குண்டை அகற்றிப் பூட்டிய பெட்டியில் எடுத்துச் செல்லலாம் என்று பாதுகாப்புத் தருகிறது. ஆனால் அதன் சொற்கள் காரை மனதில் வைத்து எழுதப்பட்டவை. காரின் கையுறைப் பெட்டியில் வைக்கக் கூடாது என்கிறது. கையுறைப் பெட்டியே இல்லாத படகுக்கு அதை எப்படிப் பொருத்துவது என்பது வழக்கறிஞர்களின் பாடு.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1981 முதல், கடலோர நீரில் செல்லும் 16 அடிக்கு மேற்பட்ட பொழுதுபோக்குப் படகுகளில் ஆபத்துக்கால ஒளிச் சமிக்ஞைகள் கட்டாயம். பலர் வாங்கி வைப்பது சிவப்பு ஒளிக்குண்டைச் சுடும் பிளாஸ்டிக் கைத்துப்பாக்கி. அதிகாரி முதலில் துப்பாக்கி உண்டா என்று கேட்கிறார். பிறகு துப்பாக்கி வடிவிலான இந்தக் கருவியின் காலாவதித் தேதியைப் பார்க்கிறார்.

அயல்நாட்டு நீரில் நிலைமை கடுமையானது. பஹாமாசுக்குச் செல்பவர் வந்தவுடன் துப்பாக்கிகளையும் தோட்டாக்களின் சரியான எண்ணிக்கையையும் அறிவித்து, படகிலேயே பூட்டி வைக்க வேண்டும். மெக்சிகோவுக்குள் முன் அனுமதியின்றிக் கொண்டுசென்றால் சிறை. ஒரு நீரில் உரிமையாக இருப்பது இன்னொரு நீரில் குற்றமாவதற்குத் தமிழ்நாட்டு வாசகர் நன்கறிந்த சான்றும் உண்டு. அது பொழுதுபோக்குப் படகன்று, கடற்கொள்ளையரிடமிருந்து வணிகக் கப்பல்களைக் காக்கும் பணியில் இருந்த ஆயுதக் கப்பல். 2013 அக்டோபரில் 'சீமேன் கார்டு ஓகையோ' என்ற அக்கப்பலை இந்தியக் கடலோரக் காவல்படை தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தது. 35 பேரும் 35 துப்பாக்கிகளும் 5,000க்கும் மேற்பட்ட தோட்டாக்களும் இருந்தன. 2016 ஜனவரியில் தூத்துக்குடி நீதிமன்றம் ஐந்தாண்டுச் சிறை விதித்தது. 2017 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அனைவரையும் விடுவித்தது. இடைப்பட்ட நான்காண்டுகளை யாரும் திருப்பித் தரவில்லை.

துப்பாக்கி உண்மையில் காப்பாற்றுமா என்ற விவாதத்தில் நெடுந்தூரப் படகோட்டிகள் அடிக்கடி குறிப்பிடும் பெயர் சர் பீட்டர் பிளேக். அமெரிக்காக் கோப்பையை நியூசிலாந்துக்கு வென்று தந்தவர். 2001 டிசம்பரில் பிரேசிலில் அமேசான் முகத்துவாரத்தில் மக்காப்பா அருகே கொள்ளையர் அவரது 'சீமாஸ்டர்' படகில் ஏறினர். அவர் ரைஃபிளால் சுட்டு ஒருவனின் கையைக் காயப்படுத்தினார். பின் துப்பாக்கி பழுதாகி நின்றது. அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். துப்பாக்கி இருந்ததால் இறந்தார் என்போரும், அது வேலை செய்யாததால் இறந்தார் என்போரும் இன்றும் உளர்.

சோதனை நடக்கும் விதம்

காவல்படைப் படகு நெருங்கியதும் வேகத்தைக் குறைத்துத் திசை மாறாமல் செல்லச் சொல்வார்கள். நிறுத்த மறுப்பது 2006 முதல் கடுங்குற்றம். ஐந்தாண்டு வரை சிறை கிடைக்கலாம். ஆயுதம் பற்றிய கேள்விக்கு, இருக்கும் இடத்தைச் சொல்ல வேண்டுமேயன்றி எடுத்துக் காட்ட முயலக் கூடாது. உதவும் எண்ணத்தோடு இழுப்பறைக்குள் கைவிடுவதே பதற்றத்தை உண்டாக்கும் செயல். கூட்டாட்சி அதிகாரியிடம் தெரிந்தே பொய் சொல்வது தனிக் குற்றம்; சட்டப்படி வைத்திருந்த துப்பாக்கியை இல்லை என்று மறைத்தவர் அந்தப் பொய்யாலேயே சிக்கிக்கொள்ளலாம். சோதனை முடியும்வரை அதிகாரி துப்பாக்கியைத் தனியே வைத்திருக்கவும் கூடும். முடிவில் 'சி.ஜி.-4100' என்ற படிவத்தின் பிரதி ஒன்று படகுக்காரருக்குக் கிடைக்கும்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாதது காவல்படையின் துணைப்படை நடத்தும் இலவசப் பரிசோதனை. 1939இல் தொடங்கிய இத்தன்னார்வ அமைப்பினருக்குக் கைது செய்யும் அதிகாரமில்லை. படகுக்காரர் அழைத்தால்தான் வருவர், குறையிருந்தால் சொல்லிவிட்டுப் போவர், இல்லையென்றால் ஒட்டுவில்லை தருவர். அந்த ஒட்டுவில்லை காவல்படையின் சோதனையிலிருந்து விலக்குத் தருவதில்லை.

மாநிலங்களின் பின்வாங்கல்

மாநிலக் காவலர்களும் வனவிலங்கு அதிகாரிகளும் தங்கள் மாநிலச் சட்டங்களின்படி இதேபோன்ற சோதனைகளை நடத்திவந்தனர். ஒரே நாளில் இரண்டு மூன்று துறைகள் அடுத்தடுத்து ஏறியதாகப் படகுக்காரர்கள் முறையிடுவது வழக்கம். சந்தேகமின்றிப் படகை நிறுத்துவதற்கு ஒகையோ ஏற்கெனவே வரம்பு விதித்திருந்தது. 2025 மே மாதம் புளோரிடா ஆளுநர் ரான் டிசாண்டிஸ் கையெழுத்திட்ட 'படகோட்டி சுதந்திரச் சட்டம்' அதே ஆண்டு ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. பாதுகாப்புச் சோதனைக்காக மட்டும் மாநில அதிகாரிகள் இனிப் படகை நிறுத்த முடியாது. விதிமீறல் நடந்ததாக நம்பத் தகுந்த காரணம் வேண்டும். படகைப் பதிவு செய்யும்போதே பாதுகாப்புக் கருவிகளுக்குச் சான்றாக, ஐந்தாண்டு வரை செல்லும் ஒட்டுவில்லை ஒன்று வழங்கப்படும்.

ஆனால் மாநிலச் சட்டம் கூட்டாட்சி அதிகாரத்தைக் கட்டுப்படுத்தாது. மயாமியின் பிஸ்கேன் விரிகுடாவில் மாநில அதிகாரி காரணமின்றி நிறுத்த முடியாத அதே படகை, பின்னால் வரும் கடலோரக் காவல்படைப் படகு நிறுத்தலாம். ஆயுதம் உண்டா, எங்கே உள்ளது என்று கேட்கலாம்.